பதினொரு கப்பலை மூழ்கடித்த மணி

தட்டிவிட்டீங்களா? போச்சு. இனிமேல் நீங்கள் உடனே கிளம்ப முடியாது சார். இந்த மணியைத் தட்டினவர் கதையைக் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அது இந்தக் கப்பல்சாமான் கடைச் சட்டம். போட்டது நான்தான், மீறினால் சண்டைக்கு வருவதும் நான்தான். உட்காருங்க. அதில் வேண்டாம், அதற்கு ஒரு கால் நம்ம ஊர்த் தச்சன் போட்டது. இதில் உட்காருங்க. இது கேப்டன் உட்கார்ந்த நாற்காலி. எப்படித் தெரியும் என்று கேட்கக்கூடாது. கப்பலில் நாற்காலி என்று ஒன்று இருந்தால் கேப்டன் ஒரு நாளாவது அதில் உட்காராமலா இருந்திருப்பார்?

விலையா? சொல்கிறேன். நான் விலை சொல்லாத பொருள் இந்தக் கடையில் இல்லை. மேலே கூரையைக் கேளுங்க, அதற்கும் சொல்வேன். ஆனால் பெண் பார்க்க வந்தவர் குடும்பத்தை விசாரிக்காமல் நகையை விசாரிக்கலாமா? டிரைவரை வண்டியை அந்த நிழலில் போடச் சொல்லுங்க. நன்றாக இருக்கும்.

என் பேர் முத்திருளாண்டி. சாயல்குடியில் இறங்கி 'கப்பல்' முத்திருளாண்டி என்று கேட்டால் ஆடு மேய்க்கிறவன்கூட கையைக் காட்டுவான். அதற்கு முன்னால் மாட்டுத் தரகு. கழுகுமலைத் தாவணியில், மாட்டுச்சந்தையில்தான், பத்து வருஷம். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. வாத்தியார் அடித்தார், நான் திருப்பி அடித்தேன், பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. மிச்சமெல்லாம் வெளியில் அடிபட்டுக் கற்றது. அதில் விடுமுறையே கிடையாது.

தாவணியில் வாயால் பேரம் பேசுவதில்லை, தெரியுமா? கையின் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, உள்ளே எதிராளியின் விரலைப் பிடிக்க வேண்டும். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று. கொத்தாக ஐந்தையும் பிடித்தால் ஐந்து. பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. முகம் பொய் சொல்லும் சார், விரல் சொல்லாது. விரல் வேர்க்கிற விதத்தை வைத்தே இந்த ஆளுக்குப் பெண் கல்யாணமா, கோர்ட்டுக் கேஸா என்று சொல்லிவிடுவேன். ஒரு நாள் ஒரு பெரிய மனிதர் துண்டுக்குள்ளே நான்கு விரலுக்கு ஒத்துக்கொண்டு, வெளியே வந்து மூன்று என்றார். அந்தத் துண்டாலேயே அவரை வண்டிச் சக்கரத்தில் கட்டிவிட்டேன். அதோடு தாவணிக்கும் எனக்கும் உறவு அறுந்தது.

அந்தச் சமயத்தில்தான் வாலிநோக்கம் கரையில் ஒரு கப்பல் வந்து ஏறியது. உடைக்கிறதற்கு. வெள்ளைக்காரன் சண்டைக்கப்பல், நாசகாரிக் கப்பல் என்று சொன்னார்கள். பேர் தார்ன்பி. அதற்கு வயசான பிறகு கைமாறி, கைமாறி, கடைசியில் யாரோ ஒருவன் எண்ணெய்ப் பீப்பாய் அடுக்கி வைத்திருந்து, அதுவும் சலித்து இங்கே கொண்டுவந்து தள்ளிவிட்டான். ஊரே இரும்பு வாங்க ஓடியது. நான் என்ன வாங்கினேன்? தட்டு, கரண்டி, நாற்காலி, வட்டச் சன்னல், முகம் கழுவுகிற தொட்டி, அப்புறம் அடித்தளத்தில் மரப்பெட்டிக்குள் சாக்குச் சுற்றிக் கிடந்த இந்த வெண்கல மணி. நம்ம இட்லிக் கொப்பரை அளவு இருக்கும், ஆனால் தூக்கிப் பாருங்க, இடுப்பு பேசும்.

சிரித்தான் சார், கரை முழுக்கச் சிரித்தான். "ஏலே, மாட்டை விட்டுட்டு மணியை மட்டும் பிடிச்சுக்கிட்டு வர்றான் பாரு தரகன்" என்று ஒருவன் சொன்னான். அவன் பல்லைப் பற்றி வேறொரு நாள் சொல்கிறேன்.

மூன்று மாசம் ஒருவனும் வரவில்லை. வீட்டுக்காரி பஞ்சவர்ணம் அப்போதுதான் பிள்ளை பெற்றிருந்தாள். பெண் குழந்தை. அதற்குப் பேர்கூட வைக்கவில்லை. நான்தான், "சரக்கு ஒரு நல்ல கைக்குப் போகட்டும், கையோட பேர் வைப்போம்" என்று நிறுத்தி வைத்திருந்தேன். எங்கள் அம்மா பேரை வைக்கலாம் என்று மனசுக்குள் முடிவு. பஞ்சவர்ணமோ தினமும், "கப்பலுக்குப் பேர் இருக்கு, என் பிள்ளைக்கு இல்லை" என்பாள்.

ஒரு நாள் அவள் புளி போட்டு இந்த மணியைத் துலக்கினாள். துலக்குகிறவள் திடீரென்று கூப்பிட்டாள்.

"இங்க வாங்க. உள்ள என்னமோ எழுதியிருக்கு."

தலைகீழாக வைத்துப் பார்த்தேன். உள்பக்கம், விளிம்பை ஒட்டி, வரிசையாக இங்கிலீஷ் எழுத்து. பதினொரு வரி. ஒவ்வொரு வரியிலும் ஒரு பேர், ஒரு தேதி. எனக்கு இங்கிலீஷ் தெரியாது, நம்பர் தெரியும். 46, 47, 48 என்று போகிறது. நான் யோசித்தேன். சண்டைக்கப்பல். அதில் ஒரு மணி. மணியில் பேரும் தேதியும். எங்கள் ஊரில் சேவல்கட்டு பார்க்கிறவர் ஒருவர், தன் சேவல் எந்தெந்தச் சேவலைச் சாய்த்தது என்று சுவரில் பேரும் தேதியும் எழுதி வைப்பார். ஆக, இது என்ன? தார்ன்பி மூழ்கடித்த எதிரிக் கப்பல்கள்! பதினொன்று!

அந்த நிமிஷத்தில் எனக்குள் மத்தாப்புக் கொளுத்தினமாதிரி இருந்தது சார். நான் குதித்த குதியில் தூங்கின பிள்ளை விழித்துவிட்டது.

மறுநாளிலிருந்து நான் வெறும் தட்டு விற்கவில்லை. "பதினொரு கப்பலை மூழ்கடித்தவன் சாப்பிட்ட தட்டு" விற்றேன். ஒவ்வொரு வரிக்கும் ஒரு கதை கட்டினேன். முதல் கப்பல் ஜெர்மன்காரனுடையது, ஒரே குண்டு. நாலாவது ஜப்பான்காரனுடையது, கொடியைக் கீழே இறக்க நேரம் கொடுக்காமல் அடித்தது. ஏழாவதில் நமது கப்பலுக்கும் அடி, ஆனாலும் நொண்டிக்கொண்டே போய் முடித்தது. கீழக்கரையிலிருந்து வந்தார்கள், பரமக்குடியிலிருந்து வந்தார்கள். கேட்டுக்கொண்டே ஒரு ஆள் முகம் கழுவுகிற தொட்டியைக் கட்டிப்பிடித்து அழுதிருக்கிறார். பஞ்சவர்ணம் எல்லாவற்றையும் மனப்பாடம் பண்ணிவிட்டாள். நான் தடுமாறினால் உள்ளேயிருந்து குரல் வரும்: "ஏழாவது மழையில மூழ்கினதுங்க. வெயில்ல மூழ்கினது அஞ்சாவது."

இல்லை, தெரியும். நீங்கள் எதற்குச் சிரிக்கிறீர்கள் என்று தெரியும். சண்டை நாற்பத்தைந்திலேயே முடிந்துவிட்டது. இப்போது தெரியும். அப்போது மாட்டுத் தரகனுக்கு யார் வந்து சொன்னார்கள்? வாங்கினவர்களில் பி.ஏ. படித்தவர்களும் இருந்தார்கள், அவர்களும் கேட்கவில்லையே!

ஆறு மாசத்தில் கதை மதுரைக்குப் போய்விட்டது. அங்கே வில்லாயுதம் என்று ஒரு ஓட்டல் முதலாளி. கப்பல் மாதிரியே ஒரு ஓட்டல் கட்டிக்கொண்டிருந்தார். ஆள் விட்டனுப்பினார். மணி, சன்னல், நாற்காலி, மிச்சமிருக்கிற தட்டு எல்லாம் மொத்தமாக அவருக்கே, வெள்ளிக்கிழமை லாரியோடு வருகிறார். வாசலில் மணியைத் தொங்கவிட்டு, 'பதினொரு கப்பலை வென்ற மணி' என்று போர்டு வைக்கப் போகிறாராம். சரக்கு அவர் கைக்குப் போனால் கரையில் சிரித்தவன் எல்லாம் என் கடைக்கு வந்து கும்பிடு போடுவான். பிள்ளைக்கும் பேர் வைக்கலாம். எல்லாம் அந்த வெள்ளிக்கிழமையில் நின்றது சார். அந்த ஒரு நாளில்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. லாரி வரவில்லை. சாயல்குடி பஸ்ஸிலிருந்து ஒரு வெள்ளைக்காரன் இறங்கி வருகிறான். அறுபது வயசிருக்கும். முழங்கால் வரை கால்சட்டை, கையில் துணிப்பை, முகம் நண்டு வெந்தமாதிரி. வெள்ளைக்காரன்! சொந்தக்காரனே வாங்க வந்துவிட்டான்! ஒரு பக்கம் மதுரை, ஒரு பக்கம் லண்டன். நடுவில் நான். இதற்குமேல் தரகனுக்கு என்ன சொர்க்கம் வேண்டும்?

இங்கிலீஷ் தெரியாதே என்று நான் கையை ஆட்டி அபிநயம் பிடித்தேன். அவன் கும்பிட்டான்.

"வணக்கம் ஐயா. உங்கட கடையிலை தார்ன்பியின்ரை மணி இருக்கெண்டு கேள்விப்பட்டன். ஒருக்கால் பாக்கலாமோ?"

தமிழ் சார்! அதுவும் சிலோன் தமிழ்! பேர் ஹட்சன். சண்டைக்குப் பிறகு கப்பலோடு திரிகோணமலைக்கு வந்தவராம். கப்பல் போன பிறகும் அவர் போகவில்லை. அங்கேயே குடும்பம், அங்கேயே வேலை. தலைமன்னாரிலிருந்து கப்பல் பிடித்து ராமேஸ்வரம் வந்து, பஸ் மாறி மாறி வந்திருக்கிறார்.

"துரை, உள்ள வாங்க. மணி என்ன, பெரிய மணி! என்ன விலைக்குக் கேட்கிறீங்க?"

"எனக்கு மணி வேண்டாம் ஐயா. உள்பக்கத்தை ஒருக்கால் பாக்க வேணும். அவ்வளவுதான்."

பார்த்தீங்களா? வேண்டாம் என்கிறான்! நான் பத்து வருஷம் தாவணியில் நின்றவன். மாடு வேண்டவே வேண்டாம் என்று சொல்லிக்கொண்டு பல்லைப் பிடித்துப் பார்க்கிறவன்தான் கடைசியில் மாட்டை ஓட்டிக்கொண்டு போகிறவன். இவ்வளவு சுத்தமாக 'வேண்டாம்' சொன்ன ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை. அசந்துவிட்டேன்.

"சரி துரை, உங்களுக்காக ஒரு விலை சொல்றேன்."

"ஐயா, நான் வாங்க வரேல்லை. ஒரு பென்சிலும் பேப்பரும் கொண்டுவந்திருக்கிறன்."

"இன்னும் குறைக்கணுமா? குறைச்சாச்சு. மேல பேசுங்க."

"நான் என்னத்தைப் பேச? எனக்குக் காசும் இல்லை."

என்ன ஆள்! என்ன ஆள்! அவர் ஒரு விலையும் சொல்லவில்லை, நான் மூன்று தடவை இறங்கிவிட்டேன். என் வாழ்க்கையில் ஒரு கை என்னை இப்படி ஆட்டினதில்லை. இனி வாய் உதவாது என்று துண்டை எடுத்தேன். அவர் கையின் மேல் போட்டேன். உள்ளே கையை விட்டேன். ஐந்து சொல்லலாம் என்று கொத்தாகப் பிடித்தால் மூன்றுதான் வருகிறது! மறுபடி பிடித்தேன். மூன்றுதான். துண்டுக்குள்ளே தேடுகிறேன் சார், பையில் சாவி தேடுகிற மாதிரி!

"துரை, மீதி ரெண்டு எங்க?"

"அதுவோ?" என்று துண்டை விலக்கிக் காட்டினார். வலது கையில் சுண்டுவிரலும் அதற்கு அடுத்ததும் இல்லை. "கப்பல் எடுத்துப்போட்டுது."

சண்டையில் போன விரல்! நான் அப்படியே எழுந்து நின்றுவிட்டேன். பன்னிரண்டாவது கதை என் வாசலில் நடந்து வந்திருக்கிறது! ஓட்டல்காரர் வந்தால் இந்தக் கையைக் காட்டியே விலையைக் கூரைக்கு ஏற்றிவிடலாம்! "துரை, நீங்க உட்காருங்க, பாருங்க, எவ்வளவு நேரம் வேணும்னாலும் பாருங்க" என்று மணியைத் தலைகீழாக வைத்தேன். பஞ்சவர்ணத்திடம் மோர் கொண்டுவரச் சொன்னேன்.

அவர் முட்டி போட்டு மணிக்குள் தலையை விட்டார். விரலால் ஒவ்வொரு வரியாகத் தடவினார். ஆறாவது வரியில் கை நின்றது. பிறகு மணிக்குள்ளேயிருந்து ஒரு சிரிப்பு. அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒன்று, வெண்கலத்தில் பட்டு வருகிறது.

அதே நேரத்தில் வாசலில் லாரி.

வில்லாயுதம் முதலாளி இறங்கினார். வெள்ளை வேட்டி, விரலில் மோதிரங்கள். கூடவே நல்லபெருமாள் என்று ஒரு கிழவர், பாத்திரத்தில் பேர் வெட்டுகிறவர், சின்ன உளியும் சுத்தியலும் பையில். எல்லாச் சாமானிலும் ஓட்டல் பேரை இங்கேயே வெட்டி எடுத்துக்கொண்டு போகலாம் என்று கூட்டி வந்திருக்கிறார்.

"முதலாளி, நல்ல நேரத்துல வந்தீங்க! பாருங்க, இந்தக் கப்பல்லயே சண்டை போட்டவர்! அந்தக் கையைப் பாருங்க! துரை, சொல்லுங்க, எந்தக் கப்பலை அடிக்கும்போது போச்சு விரல்?"

ஹட்சன் தலையை வெளியே எடுத்தார். கண்ணெல்லாம் ஈரம், முகமெல்லாம் சிரிப்பு.

"எந்தக் கப்பலையோ? ஒண்டையும் அடிக்கேல்லை ஐயா. நான் குசினியிலை சமைக்கிறவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடல் குளம் மாதிரிக் கிடந்தது. இரும்புக் கதவு கையிலை சாத்துப்பட்டுப் போச்சுது. தார்ன்பியிலை காயம்பட்டது நான் மட்டுந்தான்."

நான் சத்தமாக இருமினேன். பயனில்லை. முதலாளி, "அப்போ பதினொரு கப்பல்?" என்றார்.

"என்ன பதினொரு கப்பல்?"

பிறகு அந்த மனிதர் கப்பலின் சரித்திரத்தைச் சொன்னார் சார். நான் எவ்வளவு தடுத்தும் சொன்னார். கட்டி முடித்துத் தண்ணீரில் இறக்கின அன்றைக்கே எதிர்க்கரைச் சேற்றில் போய்ச் செருகிக்கொண்டதாம். இழுத்து விட்டு, குண்டெல்லாம் ஏற்றி, நம்ம பக்கம் அனுப்பினால், பாதி வழியில் சண்டை முடிந்துவிட்டது. திரிகோணமலையில் ஐந்து வருஷம். ஒரு தடவை கண்ணிவெடி என்று நினைத்து அரை மணி நேரம் பீரங்கி அடித்தார்கள், கடைசிவரை படவில்லை, கிட்டப் போய்ப் பார்த்தால் ஊறுகாய்ப் பீப்பாய். பயிற்சிக்கு விட்ட டார்பிடோ வளைந்து திரும்பி வந்து பெரிய அதிகாரியின் சவாரிப் படகை உடைத்தது. நல்லவேளை, அவர் அப்போது டீ குடித்துக்கொண்டிருந்தார். புயலடித்த ஊருக்கு அரிசி கொண்டுபோனது. பக்கத்துத் துறைமுகத்துக்குக் கிரிக்கெட் ஆடுகிறவர்களைக் கொண்டுபோனது. ஒரு தடவை யானைக்குட்டி கொண்டுபோனதாம் சார், யானைக்குட்டி! அது பீரங்கி வாயில் வைக்கோலைத் திணித்துவிட்டதாம்.

"அப்ப இந்தப் பேரெல்லாம்?" என்று கேட்டது பஞ்சவர்ணம். இடுப்பில் பிள்ளை.

"பிள்ளையள் தங்கச்சி. கப்பல்காரரின்ரை பிள்ளையள். கப்பலிலை கோயில் இல்லைத்தானே? மணியைத் தலைகீழா வைச்சுத் தண்ணி நிரப்பி, பாதிரியார் அதிலை ஞானஸ்நானம் குடுப்பார். பிறகு அந்தப் பேரை மணிக்குள்ளை வெட்டுவினம். அது கப்பல்காரரின்ரை வழக்கம். உந்த ஆறாவது என்ரை மகள். ஐவி. அவவுக்கு வாற மாசம் கலியாணம். ஞானஸ்நானம் எடுத்ததுக்கு அத்தாட்சி இல்லாமல் கலியாணம் செய்து வைக்கமாட்டினமாம் மாப்பிள்ளை வீட்டுக் கோயிலிலை. ஞானஸ்நானம் எழுதி வைச்ச புத்தகம் மழையிலை நனைஞ்சு போச்சுது. உலகத்திலை அவவின்ரை பேர் இருக்கிறது இந்த மணிக்குள்ளை மட்டுந்தான்."

பதினொரு கப்பல் போய்ப் பதினொரு தொட்டில் வந்துவிட்டது. ஏழாவது கப்பல், மழையில் நொண்டிக்கொண்டு போய் அடித்தோமே, அது யாரோ ஒரு பாப்பா!

பஞ்சவர்ணம் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "நாலாவது கப்பலுக்கு நேரமே கொடுக்கலையேங்க" என்றாள். அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

வில்லாயுதம் முதலாளி சிரிக்கவில்லை. மோதிரத்தைத் திருகிக்கொண்டு யோசித்தார். வியாபாரி. "சரி விடுங்க. என் ஓட்டலுக்கு வர்றவன் மணிக்குள்ள தலையை விட்டா பார்க்கப் போறான்? ஆனாலும் எதுக்கு வம்பு. நல்லபெருமாள், அரத்தை எடுங்க. உள்ள இருக்கிறதை ராவிட்டு, பதினொரு கப்பல் பேர் நான் சொல்றேன், வெட்டுங்க. முத்திருளாண்டி, பேசின விலையில மாத்தம் இல்லை. மொத்தமும் ஏத்துங்க."

பேசின விலை! மாற்றம் இல்லை! போன உயிர் திரும்பி வந்தது. "ராவுங்க, ராவுங்க" என்றேன்.

நல்லபெருமாள் மணியைத் தடவிப் பார்த்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். "பேர் வெட்டச் சொல்லுங்க, வெட்டுறேன். அழிக்கச் சொல்லாதீங்க. எங்க தொழில்ல அது இல்லை. பேர் அழிச்ச பாத்திரம்னா திருட்டுப் பாத்திரம். நாப்பது வருஷத்துல ஒரு டம்ளர்லகூட அழிச்சதில்லை. யார் பேர் இருக்கோ அவங்களோடது பாத்திரம். இதுல பதினொரு பேர் இருக்கு. அவங்களைக் கேட்டுட்டு வாங்க."

"யோவ், அது பாத்திரமாய்யா? மணி!" என்றேன்.

"தண்ணி நின்னா பாத்திரம்தான்."

எனக்குக் கோபம் வந்தது. அரத்தை நானே பிடுங்கினேன். அதற்குத்தானே கை இருக்கிறது? மணிக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ஹட்சன் தடுக்கவில்லை சார். "ஐஞ்சு நிமிசம் பொறுங்கோ ஐயா. என்ரை மகளின்ரை வரியை மட்டும் எடுத்துப்போட்டுப் போறன்" என்று பேப்பரை உள்ளே வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்க்க ஆரம்பித்தார். மூன்று விரலில் பேப்பர் நிற்கவில்லை. வழுக்கி வழுக்கி விழுகிறது. பஞ்சவர்ணம் பிள்ளையை என் மடியில் போட்டுவிட்டு, பேப்பரின் இரண்டு மூலையையும் பிடித்துக்கொண்டாள். கறுப்புக்கு நடுவில் வெள்ளையாக எழுத்து பூத்து வருகிறது. இங்கிலீஷில் மூன்றே எழுத்து, பக்கத்தில் தேதி.

என் ஒரு கையில் அரம், மடியில் பிள்ளை. அது என்ன செய்தது தெரியுமா? அரத்தைப் பிடித்துக்கொண்டது. விடவில்லை. அந்த வயசுப் பிள்ளைக்கு என்ன பிடி! பிடிக்கிற பிடியிலேயே சொன்னேன், தரகன் மகள்.

அப்போதுதான் வில்லாயுதம் சொடக்குப் போட்டான்.

ஆமாம், போட்டான். இனி அவனுக்கு மரியாதை கிடையாது. ஓட்டலில் டேபிள் துடைக்கிற ஆளைக் கூப்பிடுகிற மாதிரி என் முகத்துக்கு நேராக இரண்டு சொடக்கு. "ம்... ஆகட்டும், சீக்கிரம் தேய்."

என் கடையில்! என் வாசலில்! என் மடியில் பிள்ளை இருக்கும்போது!

பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நான் எழுந்த வேகத்தில் நாற்காலி கவிழ்ந்தது, அதில்தான் அந்தக் கால் போனது. "இறங்குடா கீழே" என்றேன். அவன் கீழேதான் நின்றுகொண்டிருந்தான். "எடுடா லாரியை! மணியும் கிடையாது, மயிரும் கிடையாது! ஒரு கரண்டி கிடையாது உனக்கு!" லாரி பின்பக்கமாகவே ரோட்டுக்குப் போனது சார், திருப்பக்கூட இல்லை.

அந்தச் சொடக்குக்காகத்தான். அதை மட்டும் நன்றாகப் புரிந்துகொள்ளுங்க. பஞ்சவர்ணம் இன்றைக்கும் நாலு பேரிடம் வேறு மாதிரி சொல்லிக்கொண்டு திரிகிறாள், 'அவருக்கு மனசு வரலை, கண்ணு கலங்கிருச்சு' என்று. சுத்தப் பொய். வெண்கலத் தூள் கண்ணில் விழுந்தது. ஆமாம், அரம் வைக்கவில்லைதான், அதனால் என்ன? பழைய தூள் இருக்காதா? அவன் மட்டும் மரியாதையாகச் சொல்லியிருந்தால் பத்தே நிமிஷத்தில் ராவித் தள்ளியிருப்பேன். நான் வியாபாரி சார்.

லாரி போய்விட்டது. அதில் வந்த நல்லபெருமாள் இங்கேயே நிற்கிறார். அடுத்த பஸ் நாலு மணிக்கு.

"ஒரு நாள் பொழப்பு போச்சு. எதையாவது கொடுங்க, வெட்டுறேன்" என்றார்.

எனக்கு எரிச்சல். சரக்கு போகவில்லை, பேர் போய்விட்டது, கரையில் நாளைக்குச் சிரிப்பான். அந்த நேரத்தில் ஹட்சன் பஞ்சவர்ணத்திடம் கேட்கிறார், "பிள்ளைக்கு என்ன பேர்?"

"பேரே வைக்கலை ஐயா. சரக்கு விற்கட்டும்னு இவர் நிறுத்தி வச்சிருக்கார்."

"அடக் கடவுளே" என்றார் அவர்.

அவ்வளவுதான். அடுத்து நடந்ததை நான் தடுப்பதற்குள் நடந்துவிட்டது. பஞ்சவர்ணம் ஒரு குடம் தண்ணீரை மணிக்குள் ஊற்றினாள். பிள்ளையைத் தூக்கி உள்ளே நிறுத்தினாள், பிறகு உட்கார வைத்தாள். சரியாகப் பொருந்தியது சார், அளவெடுத்து வார்த்த மாதிரி! வெயில்நேரம், சில்லென்று தண்ணீர், பிள்ளை கையைத் தட்டித் தட்டிச் சிரிக்கிறது. தண்ணீர் என் முகத்தில், ஹட்சன் முகத்தில், நல்லபெருமாள் மூக்குக்கண்ணாடியில். அந்த வெள்ளைக்காரர் இங்கிலீஷில் ஏதோ பாட்டுப் பாட, நல்லபெருமாள் சுத்தியலால் நாற்காலியில் தாளம் போட, நானும் ஒரு ஓரமாக நின்றேன். ஆடினேன் என்று பஞ்சவர்ணம் சொல்வாள். நம்பாதீங்க. கால் ஈரத்தில் வழுக்கியது.

"பேரைச் சொல்லுங்க, வெட்டிருவோம்" என்றார் நல்லபெருமாள். நான் எங்கள் அம்மா பேரைச் சொல்ல வாயைத் திறக்கிறேன், அதற்குள் பஞ்சவர்ணம், "பேச்சியம்மாள்! பதினொண்ணுக்குக் கீழ, பெரிசா!" என்றாள். அது அவள் அம்மா பேர்! பிள்ளையையும் தண்ணீரையும் வெளியே எடுத்ததுதான் தெரியும், அந்த மனிதர் டங் டங்கென்று வெட்டியே விட்டார். அழிக்கவும் மாட்டாராம், அதுதான் தொழில் தர்மமாம்! பேரத்தில் நான் முழுசாகத் தோற்றது அன்றைக்கு ஒரே ஒரு தடவைதான். துண்டே போடாமல் முடித்துவிட்டாள்.

ஐவிக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. அந்தப் பேப்பரைப் பார்த்ததும் கோயிலில் மறுபேச்சு இல்லையாம். ஹட்சன் இறந்துவிட்டார். ஐவி பேரன் எடுத்துவிட்டாள். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கார்டு வரும், பேச்சி படித்துச் சொல்வாள். அவள் இப்போது தூத்துக்குடித் துறைமுகத்தில் பளு தூக்குகிற கிரேன் ஓட்டுகிறாள். அந்தப் பிடி! அன்றைக்கே சொன்னேன் இல்லையா?

சரி, மணி விலை கேட்டீங்க. சென்னையில் கடற்கரை வீட்டு வாசலில் மாட்டினால் அருமையாக இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். இப்போது நீங்கள் சொன்ன விலையும் நல்ல விலை. இன்னும் கூட்டினாலும் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் நல்லபெருமாள் சொன்னது சட்டம்தானே? யார் பேர் வெட்டியிருக்கிறதோ அவர்களுடையது பாத்திரம். பன்னிரண்டு பேர் பங்கு. அதில் ஒரு பங்குக்குத்தான் நான் அப்பன். அதுவும் போன வாரம்கூடப் போனில், "என் பங்கை வித்துராதீங்கப்பா" என்றாள். ஐவி சிலோனில். மற்ற பத்துப் பேர் எந்தெந்த நாட்டில் இருக்கிறார்களோ, எனக்கு என்ன தெரியும்? தேடிப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வாங்க சார். இதோ துண்டு. இதற்குள்ளே பன்னிரண்டு கையும் வந்தால் உட்கார்ந்து பேசலாம். பேரம் என்று வந்துவிட்டால் நான் பின்வாங்குகிற ஆள் இல்லை.

கிளம்பிவிட்டீங்களா? அந்த முகம் கழுவுகிற தொட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போங்க. யானைக்குட்டி தண்ணீர் குடித்த தொட்டி. எப்படித் தெரியும் என்று கேட்கக்கூடாது.

போகும்போது மணியை இன்னொரு தட்டுத் தட்டிவிட்டுப் போங்க. அப்படி மெதுவாக இல்லை. நல்லா, உள்ளே இருக்கிற பன்னிரண்டு பேரும் எழுந்திருக்கிற மாதிரி.